டாம்ரான் 28-200: ஒரே லென்ஸோடு மொரீஷியஸைச் சுற்ற நினைப்பவர்களுக்கு

பயணத்துக்கு ஒரு ஜூம் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் முதலில் பார்ப்பது குவியத்தூரத்தின் மேல் எண்ணைத்தான்; அது பெரிதானால் தூரத்துக் காட்சி கிட்டே வரும், கீழ் எண் சிறிதானால் அகலமான காட்சி அடங்கும். 200 வரை போகுமா, 300 வரை போகுமா என்று கேட்பதில் தவறில்லை; ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. படமெடுக்கப் போகும் இடத்தில் நின்றுகொண்டு லென்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்ட முடியுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. எங்கள் தீவைப் பொறுத்தவரை அதற்குப் பெரும்பாலும் முடியாது என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கடற்கரையில் உப்புக்காற்றோடு பவளமணல் பறக்கிறது. மேட்டுநில ஊரான கியூர்பிப் பக்கம் போனால் வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் இறங்குகிறது. தைப்பூசக் காவடியன்று விபூதியும் கற்பூரப் புகையும் தளும்பும் பாலும் சுற்றிலும் இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே கேமராவின் வாயைத் திறந்து வைப்பது சென்சாருக்கு நாமே தேடிவைக்கும் கேடு. ஆகவே, காலையில் மாட்டிய லென்ஸை மாலைவரை கழற்றாமல் இருக்கத் தகுந்ததா என்ற ஒரே அளவுகோலை வைத்துத்தான் டாம்ரானின் 28-200 மி.மீ. லென்ஸை இங்கே மதிப்பிடுகிறேன். சோதனைக்கூடத்தில் கோடுபோட்ட அட்டையைப் படமெடுத்து அளக்கும் கூர்மைக் கணக்கு இதில் இருக்காது.

சோனியின் இ மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) கொண்ட, பெரிய சென்சாருள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராக்களுக்காக 2020-இல் வெளிவந்த லென்ஸ் இது. முழுப்பெயர் 28-200 மி.மீ. எஃப் 2.8-5.6 டிஐ 3 ஆர்எக்ஸ்டி. எஃப் எண் லென்ஸின் துளையைக் குறிப்பது; அது சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். எடை 575 கிராம். சுருங்கிய நிலையில் நீளம் 117 மி.மீ.; முன்புற ஃபில்டர் அளவு 67 மி.மீ. உள்ளே 14 தொகுதிகளாக 18 கண்ணாடி வில்லைகள் இருக்கின்றன. உடம்பில் ஒரே ஒரு பொத்தான்தான் உண்டு, அதுவும் தோளில் தொங்கும்போது குழாய் தானாக நீண்டுவிடாதபடி 28-இல் பூட்டிவைப்பதற்கு. ஆட்டோஃபோகஸை நிறுத்தும் விசையோ நடுக்கத் தடுப்போ கிடையாது. நடுக்கத் தடுப்பு இல்லாததைப் பற்றிப் பிறகு தனியாகப் பேச வேண்டும்.

எடையின் அருமை ஒப்பிட்டால்தான் தெரியும். தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சோனியின் 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 695 கிராம், 70-200 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 1,045 கிராம். இரண்டும் சேர்ந்து 1,740 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு எடையில், தரத்தில் அவற்றுக்குச் சமமில்லாவிட்டாலும் எல்லைகளில் ஏறக்குறைய அதே பரப்பை இந்த லென்ஸ் தொடுகிறது. 812 மீட்டர் உயரமுள்ள லெ பூஸ் மலையின் கடைசி ஏற்றத்தில் கையை ஊன்றி ஏறுகிறவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் எடை குறைந்த நெடுந்தூர ஜூம்கள் சந்தையில் வேறு சிலவும் இருக்கின்றன. இதை அவற்றிலிருந்து பிரித்துக்காட்டுவது இது உள்ளே விடும் வெளிச்சம். 28-இல் எஃப் 2.8, 54-ஐத் தொடும்போது எஃப் 4, 78-க்கு மேல் எஃப் 4.5, 113-க்கு மேல் எஃப் 5, ஏறக்குறைய 150-லிருந்து கடைசிவரை எஃப் 5.6. நிகான் இசட் கேமராக்களுக்கான 24-200 லென்ஸ் எஃப் 4-இல் தொடங்கி, 100-ஐ எட்டுவதற்கு முன்பே எஃப் 6.3-க்கு இறங்கிவிடுகிறது. 100-க்கு அருகில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட ஒரு முழு ஸ்டாப், அதாவது இருமடங்கு வெளிச்ச வித்தியாசம் வருகிறது. ஒன்றில் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறன் அளவு 3200 போதுமான இடத்தில் மற்றதில் 6400 வைக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பயண லென்ஸ் என்றாலே பலரும் கைகாட்டும் சோனி 24-105 எஃப் 4 லென்ஸோடு ஒப்பிட்டால்கூட, 28-இலிருந்து 54 வரை டாம்ரான்தான் அதிக வெளிச்சம் தருகிறது அல்லது சமமாக நிற்கிறது. 105-இல் மூன்றில் ஒரு ஸ்டாப்தான் பின்தங்குகிறது. நெடுந்தூர ஜூம் என்றாலே இருட்டு லென்ஸ் என்ற பழைய அபிப்பிராயம் இதனிடம் செல்லாது.

இனிக் காவடிக்கு வருவோம், ஏனெனில் இந்தத் தீவில் ஒரு பயண லென்ஸுக்கு அதைவிடக் கடினமான தேர்வு கிடையாது. தைப்பூசம் மொரீஷியஸில் அரசு விடுமுறை நாள். பத்து நாள் விரதமிருந்த பக்தர்கள் அலகு குத்திக்கொண்டு, பூவும் தென்னங்குருத்தும் மயிலிறகும் கட்டிய வளைவுக் காவடியைத் தோளில் ஏந்தி, பாற்செம்போடு வெறுங்காலில் நடந்து கோயிலுக்கு வருகிறார்கள். ஜனவரி பிற்பகுதியில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கும் எங்களுக்கு, நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கும். காவடியின் மேற்புறப் பூக்கள் வெள்ளையாக எரிய, அதன் அடியில் இருக்கும் முகம் நிழலுக்குள் போய்விடும். போதாக்குறைக்குப் பக்தர்கள் பெரும்பாலும் அடர்ந்த இளஞ்சிவப்பு உடுத்துகிறார்கள். அந்த நிறம் கேமராவின் சிவப்புச் சேனலை மற்ற இரண்டுக்கும் முன்பாக நிரப்பிவிடுவதால், வெளிச்சப் பரவலைக் காட்டும் பொதுவான ஹிஸ்டோகிராம் வரைபடம் சரியாக இருப்பதுபோல் காட்டினாலும், துணியின் மடிப்பும் ஜரிகையும் ஒரே வண்ணப் பூச்சாகக் கரைந்துவிடும். நான் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து, ராவில் (கேமரா திருத்தாத மூலக்கோப்பாக) எடுத்து, முகத்தின் நிழலைப் பிறகு தூக்கிவிடுகிறேன். இது எந்த லென்ஸுக்கும் பொருந்தும் விஷயம்தான். இருந்தாலும், முதல்முறையாகக் காவடி எடுக்கப் போகிறவர்கள் லென்ஸைக் குறை சொல்வதற்கு முன்பு இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

லென்ஸின் வேலை வேறு. சாலையில் நிற்கும் உங்களுக்கு மூன்று அடி தூரத்தில் ஒரு காவடி கடந்துபோகும். அடுத்த நொடி, அதற்கு இருபது மீட்டர் பின்னால், கன்னத்தில் வேல் தரித்த ஒரு பெண்ணின் முகம் கூட்டத்தின் இடைவெளியில் தெரியும். முதலாவதற்கு 28 வேண்டும், இரண்டாவதற்கு 180 அல்லது 200. இடையில் இருப்பது ஒரு மணிக்கட்டுத் திருப்பம் மட்டுமே. பையைத் திறந்து லென்ஸ் மாற்றுகிறவருக்கு அந்த இடைவெளி மூடிவிடும். வேல் குத்தும் நேரத்தில் கிட்டே போய்க் கேமராவை நீட்டுவதைக் கோயில் பெரியவர்கள் விரும்புவதில்லை, விரும்பவும் கூடாது. பத்து மீட்டர் தள்ளி நின்று 200-இல் எடுக்கும்போது விரதக்காரருக்கும் இடைஞ்சல் இல்லை, அருகில் நின்று தாங்கிப்பிடிக்கும் குடும்பத்தாருக்கும் இடைஞ்சல் இல்லை. நெடுந்தூர முனை எனக்கு அதிகம் பயன்பட்டது இந்த மரியாதையான தூரத்தைக் காப்பதற்காகத்தான்.

ஆட்டோஃபோகஸ் அங்கே தளரவில்லை. ஸ்டெப்பிங் மோட்டார் சத்தமில்லாமல் ஓடுகிறது. சோனியின் கண்ணைப் பின்தொடரும் வசதி முழுமையாக இயங்குகிறது. காவடியின் தொங்கல்கள் முகத்துக்குக் குறுக்கே ஆடும்போது எந்தக் கேமராவும் சில படங்களைத் தவறவிடத்தான் செய்யும். 28-இலிருந்து 200-க்கு ஒரே வீச்சில் திருப்பிய உடனே எடுத்தால் அது குவிவதற்கு ஒரு கணம் எடுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோயிலுக்குள் நுழைந்ததும் கணக்கு மாறுகிறது. வெயிலிலிருந்து மண்டபத்துக்குள் வந்தால் வெளிச்சம் பல ஸ்டாப்புகள் சரிந்துவிடும். விளக்கொளி மஞ்சளாகவும் வாசல் வெளிச்சம் நீலமாகவும் இருக்கும். 28-இல் எஃப் 2.8 கிடைப்பதன் பலன் இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. அபிஷேகத்துக்காகப் பாற்செம்புகள் கைமாறும்போது ஐஎஸ்ஓ 3200-இல் 1/125 நொடி வேகம் வைத்து எடுக்க முடிகிறது. ஆனால் அகலம் போதவில்லை. 24 மி.மீ. லென்ஸின் மூலைவிட்டப் பார்வைக்கோணம் 84 பாகை, 28-க்கு 75 பாகை. ஒன்பது பாகைதானே என்று தோன்றும். சுவரில் முதுகை ஒட்டி நின்ற பிறகும் தூணொன்று வெட்டுப்படும்போதுதான் அந்த ஒன்பதின் மதிப்பு புரியும். போர்ட் லூயியில் கைலாசன் என்று எல்லோரும் அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலின் கோபுரத்தை வெளியிலிருந்து எடுக்க 28 தாராளம், சுதைச் சிற்பங்களைத் தனித்தனியாக எடுக்க 200-உம் உதவுகிறது. உள்ளே, அனுமதி பெற்றுப் படமெடுக்கும் இடங்களில், நான் கைப்பேசியைத்தான் எடுக்கிறேன். இன்றைய கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24-க்கும் 26-க்கும் இடைப்பட்ட கோணத்தைத் தருகிறது, பலவற்றில் அதைவிட அகலமான இன்னொன்றும் இருக்கிறது. அகல முனையில் இந்த லென்ஸ் விட்டுவைக்கும் இடத்தைச் சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கும் பொருள் நிரப்புகிறது, 200 மி.மீ. முனையைப் பெரும்பாலான கைப்பேசிகள் இந்தத் தரத்தில் நிரப்புவதில்லை. 24-இல் தொடங்கவில்லை என்பதற்காக மட்டும் இதைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. கட்டடங்களையே குறிவைத்து ஊர் சுற்றுகிறவருக்கு இந்தச் சமாதானம் போதாது. அவர் 24-இலிருந்து தொடங்கும் லென்ஸைத்தான் வாங்க வேண்டும்.

பூசை முடிந்து வாழை இலையில் பரிமாறும் ஏழு கறிச் சாப்பாடு, அருகிலிருந்து படமெடுக்கும் திறனைச் சோதிக்க நல்ல இடம். 28-இல் இந்த லென்ஸ் 19 செ.மீ. வரை கிட்டே குவிகிறது என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். அந்த 19 செ.மீ. சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. சென்சாருக்கும் மவுண்ட்டுக்கும் இடையே 18 மி.மீ., லென்ஸின் நீளம் 117 மி.மீ. ஆகியவற்றைக் கழித்தால், முன்கண்ணாடிக்கும் கறிக்கும் நடுவே எஞ்சுவது ஐந்தரை செ.மீ. மட்டுமே. முன்னால் மாட்டும் வெயில்மறைப்பான ஹூடை மாட்டியிருந்தால் அதுவும் இல்லை. பக்கத்துச் சன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தை லென்ஸே மறைத்து, பூசணிக்காய்க் கறியின் மேல் ஒரு வட்ட நிழலைப் போட்டுவிடும். 200-க்குத் திருப்பி, 80 செ.மீ. தள்ளி நின்று எடுப்பதே பயனுள்ள முறை. அப்போது ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றுச் சிறிய பரப்பு சட்டத்தை நிரப்பும். வெளிச்சத்துக்கும் இடம் கிடைக்கும். செம்பின் விளிம்பில் வழியும் பால், காவடியில் கோத்த எலுமிச்சை, செம்பருத்தியின் மகரந்தம் எல்லாவற்றுக்கும் இந்த முனைதான். முழு இலையையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுக்க வேண்டுமென்றால் 28 சரியாக இருக்கிறது.

நிலக்காட்சியில் 200 எதற்கு என்று கேட்பவர்கள் தீவின் வட முனையில் இருக்கும் காப் மலெரேவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். செந்நிறக் கூரைத் தேவாலயமும் அதற்குப் பின்னால் கடலில் க்வான் தெ மீர் என்ற ஆப்பு வடிவத் தீவும் சேர்ந்து நிற்கும் காட்சி எல்லாச் சுற்றுலா அட்டைகளிலும் இருக்கிறது. தேவாலயத்துக்கு எதிரே நின்று 28-இல் எடுத்தால் அந்தத் தீவு அடிவானத்தில் ஒரு கறுப்புக் கீற்றாக ஒதுங்கிவிடும். கரையோரமாகப் பின்னால் நடந்து, தேவாலயம் கண்ணுக்குச் சிறிதாகும் தூரத்துக்குப் போய், அங்கிருந்து 135 அல்லது 150-இல் எடுத்தால் தீவு கூரைக்குப் பின்னால் எழுந்து நிற்கும். இது லென்ஸ் செய்யும் மாயம் அன்று. தேவாலயத்துக்கும் நமக்கும் உள்ள தூரம் கூடியதால் அளவுகளின் விகிதம் மாறுகிறது, நீளமான குவியத்தூரம் அந்த விகிதத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறது. லெ மோர்ன் மலையிலும் அப்படித்தான். அடிவாரக் கடற்கரையில் நின்றால் 556 மீட்டர்ப் பாறை தலைக்குமேல் சாய்ந்துவருவதுபோல் இருக்கும், 28-க்குள் அடங்குவதற்கே தயங்கும். லா கோலெத் பக்கம் விலகிவந்து 70-க்கும் 100-க்கும் இடையில் எடுத்தால்தான் காயலும் மலையும் ஒன்றுக்கொன்று பொருந்திய அளவில் நிற்கின்றன.

காயலின் நீலத்துக்குப் போலரைசர் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். நீர்ப்பரப்பின் பளபளப்பை அது எடுத்துவிட்டால் அடியில் உள்ள பவளத்திட்டும் மணலும் தெரியத் தொடங்கும். 67 மி.மீ. என்பதால் 77 மி.மீ. ஃபில்டரைவிட விலை குறைவு. டாம்ரானின் மற்றப் பல மிரர்லெஸ் லென்ஸ்களுக்கும் இதே அளவு பொருந்தும் என்பது கூடுதல் ஆதாயம். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தை அது விழுங்கும், எங்கள் வெயிலில் அது ஒரு குறையே அன்று. 28-இல் வானத்தைச் சேர்த்து எடுக்கும்போது மட்டும் வானத்தின் ஒரு பகுதி கருநீலமாகவும் மறுபகுதி வெளிறியும் போகும். அங்கே ஃபில்டரைச் சற்றுத் திருப்பிக் குறைக்க வேண்டும்.

பறவைகளுக்கு இது போதாது, ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். 1974-இல் காட்டில் நான்கே நான்காகத் தெரிந்து, பின்னர் மீட்கப்பட்ட மொரீஷியஸ் வல்லூற்றை 200-இல் எடுத்தால் மரக்கிளையில் ஒரு புள்ளிதான் கிடைக்கும். கறுப்பாற்றுப் பள்ளத்தாக்கின் காட்சிமேடைக்குக் கீழே நீண்ட வாலோடு மிதந்துபோகும் வெள்ளைப் பறவையைப் பள்ளத்தாக்கோடு சேர்த்து எடுக்கலாம், அதுவும் அழகுதான். 1812-இலிருந்து குதிரைகள் ஓடும் ஷாம் தெ மார்ஸ் மைதானத்தில், வேலியோரமாக நின்றால் கடைசித் திருப்பத்துக்கு 200 போதும், எதிர்ப்பக்கத்துக்குப் போதாது. சோனியின் அதிவேகக் கேமராக்கள் பிற நிறுவன லென்ஸ்களோடு நொடிக்கு 15 படங்கள் வரையே எடுக்கும் என்ற வரம்பும் உண்டு. பயணிக்கு 15 மிக அதிகம். பந்தயத்தையே தொழிலாக எடுப்பவர் எப்படியும் இந்த லென்ஸைத் தேடப் போவதில்லை.

இனி நடுக்கத் தடுப்பு. டாம்ரானின் பல லென்ஸ்களில் விசி என்ற எழுத்துகள் இருக்கும். அவை இருந்தால் லென்ஸுக்குள் நடுக்கத் தடுப்பு உண்டு. இந்த லென்ஸின் பெயரில் அவை இல்லை. தலைநகரில் ஒரு கடையில் இதற்கு நடுக்கத் தடுப்பு இருக்கிறது என்று விற்பனையாளர் அடித்துச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன், ஆகவே பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 2014-இல் வந்த ஏ7 இரண்டாம் பதிப்பு முதல் சோனியின் வழக்கமான ஃபுல் ஃப்ரேம் கேமராக்கள் சென்சாரையே அசைத்து நடுக்கத்தைச் சமன் செய்கின்றன. அவற்றோடு இந்தக் குறை பெரிதாக உறுத்துவதில்லை. முதல் பதிப்பு ஏ7 வைத்திருப்பவர் 200-இல் குறைந்தது 1/200, கை நடுங்குபவரானால் 1/400 வைக்க வேண்டியிருக்கும். அதோடு, எந்த நடுக்கத் தடுப்பும் நம் கையின் அசைவைத்தான் சமன் செய்யும், எதிரில் ஆடும் காவடியை நிறுத்தாது. ஆட்டத்தை உறையவைக்க எப்படியும் 1/500-க்குக் குறையாத வேகம் வேண்டும். அந்த வேகத்தில் நடுக்கத் தடுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் படத்தில் வேறுபாடு தெரியாது. மாலை மங்கிய பிறகு அசையாத காட்சிகளை எடுப்பவருக்கும் நடந்துகொண்டே வீடியோ எடுப்பவருக்கும்தான் இந்தக் குறை உண்மையான குறை.

ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட கேமரா வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை நேர்மாறானது: இதை வாங்காதீர்கள். 28-இன் காட்சி அங்கே 42-இன் அளவுக்குக் குறுகிவிடும். குறுகிய தெருவில், வீட்டுக்குள், படகில் எங்கும் பின்னால் நகர இடமிருக்காது. ஏ6400 போன்ற உடல்களில் நடுக்கத் தடுப்பும் கிடையாது. அவர்களுக்கு 325 கிராம் எடையுள்ள சோனி 18-135 கைக்கு அடக்கமான தேர்வு. நீளம் வேண்டுமென்றால் டாம்ரானின் 18-300. 620 கிராம், விசி உண்டு, அகல முனையில் 15 செ.மீ. வரை கிட்டே குவியும். வெளிச்சம் எஃப் 6.3 வரை இறங்கும் என்பதால் கோயிலுக்குள் அது தடுமாறும்.

சோனி அல்லாத கேமரா வைத்திருப்பவர் இந்த லென்ஸுக்காக முகாம் மாற வேண்டியதில்லை. நிகான்காரர்களுக்கு மேலே சொன்ன 24-200 இருக்கிறது. 570 கிராம், நடுக்கத் தடுப்பு உண்டு, 24-இல் தொடங்குகிறது. வெளிச்சத்தில் இழப்பதை அகலத்தில் பெற்றுக்கொள்கிறார்கள், பகல் வெயிலிலேயே சுற்றுபவருக்கு அது ஒருவேளை இதைவிட நல்ல பேரம். கேனானின் 24-240 எஃப் 4-6.3 லென்ஸ் 750 கிராம். அதன் 24 முனை மென்பொருள் திருத்தத்தைப் பெரிதும் நம்பி வடிவமைக்கப்பட்டது, தூசி-ஈரக் காப்பு இல்லை, ஹூடும் தனியாக வாங்க வேண்டும். கடலோரத்தில் காப்பு இல்லாத லென்ஸை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அந்த முகாமில் இருப்பவர் 200-ஐ மறந்துவிட்டு, காப்புள்ள 24-105 எஃப் 4 எல் லென்ஸோடு நிறைவடையலாம்.

காப்பு என்றதும் ஓர் எச்சரிக்கை. டாம்ரான் இதற்குத் தருவது ஈரம் புகாமல் தடுக்கும் இணைப்புகளும், முன்கண்ணாடியில் நீரும் எண்ணெயும் ஒட்டாத ஃப்ளோரின் பூச்சும்தான். தூறலைத் தாங்கும், அலையைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தெற்கே சுயாக்குக்கு அருகில் க்ரி க்ரியில் பவளத்தடுப்பு இல்லாததால் திறந்த கடல் நேரே பாறையில் மோதுகிறது. அங்கே பத்து நிமிடம் நின்றாலே லென்ஸின் மேல் உப்பு படிந்துவிடும். அந்த உப்பைக் காய்ந்த துணியால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுத்து, அதன் பிறகே துடைக்க வேண்டும். ஜூம் செய்யும்போது குழாய் வெளியே நீண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை இது. நீண்ட குழாயில் ஈரமோ மணலோ இருக்கும்போது சுருக்கினால் அதை நாமே உள்ளே அனுப்பியதாகிவிடும். சுருக்குவதற்கு முன் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். கியூர்பிப், வாக்வா போன்ற மேட்டுநில ஊர்களில் குடியிருப்பவர்களுக்குப் பூஞ்சை இன்னொரு எதிரி. அலமாரியின் மூலையில் தோல்பைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் லென்ஸில் நூல்நூலாக அது படரும், படர்ந்த பிறகு கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, இடையிடையே வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே போதுமான காப்பு.

வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்துபார்க்கலாம். கடந்த பயணங்களில் எடுத்த, நீங்களே நல்லவை என்று ஒதுக்கிவைத்த படங்களின் விவரத்தைத் திறந்து, ஒவ்வொன்றும் எந்தக் குவியத்தூரத்தில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் இதை வரிசைப்படுத்தியே காட்டும். கையிலிருக்கும் ஜூமின் கீழ் எல்லையில் படங்கள் குவிந்திருந்தால் உங்களுக்கு அகலம் போதவில்லை, மேல் எல்லையில் குவிந்திருந்தால் நீளம் போதவில்லை. எல்லாப் படங்களையும் பார்க்காமல் ஒதுக்கிவைத்தவற்றை மட்டும் பார்ப்பது முக்கியம். 200-இல் எடுத்துத் தூக்கிப்போட்ட நூறு படங்கள் 200 தேவை என்பதற்குச் சான்றாகாது. என் தொகுப்பில் பெரும்பகுதி 28-க்கும் 85-க்கும் இடையில் இருக்கிறது, அடுத்த குவியல் 200-ஐ ஒட்டி நிற்கிறது, நடுவில் இடைவெளி. இந்த வடிவம் உங்களுடையதிலும் இருந்தால் இந்த லென்ஸ் உங்களுக்காகச் செய்ததுபோல் இருக்கும். 24-இல் மலைபோல் குவிந்திருந்தால் 24-105-ஐ வாங்குங்கள், பிறகு 200-க்கு ஏங்காதீர்கள்.

கூர்மை பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். நடுப்பகுதி எல்லாக் குவியத்தூரங்களிலும் பெரிய அளவில் அச்சிடத் தகுந்தது. ஓரங்கள் முழுத் துளையில் சற்று மென்மையாகவும் எஃப் 8-இல் திருப்தியாகவும் இருக்கின்றன, ஏழு மடங்கு ஜூமுக்கு அது இயல்பு. அகல முனையின் வளைவையும் மூலை இருட்டையும் கேமராவோ மென்பொருளோ தானாகத் திருத்திவிடுகிறது. இதற்குமேல் அதில் ஆராய எனக்கு எதுவும் தோன்றவில்லை.

2025-இன் இறுதியில் டாம்ரான் இதன் அடுத்த தலைமுறையாக 25-200 மி.மீ. எஃப் 2.8-5.6 லென்ஸை வெளியிட்டிருக்கிறது. எடை அதே 575 கிராம், ஃபில்டர் அதே 67 மி.மீ.; மோட்டார் வேகமானது, கணினியோடு இணைக்க யுஎஸ்பி-சி துளையும் இருக்கிறது, நடுக்கத் தடுப்பு அதிலும் இல்லை. மூன்று மி.மீ. அகலம் கூடியிருப்பது மேலே நான் அடுக்கிய முக்கியமான குறையைப் பெருமளவு போக்கிவிடுகிறது. எனவே புதிதாக வாங்குபவர் இரண்டின் விலையையும் கேட்டுவிட்டே முடிவெடுக்க வேண்டும். புதியது வந்ததும் பழையதைக் கைமாற்றுபவர்கள் இருப்பார்கள். அப்படிக் கிடைக்கும் 28-200-ஐ வாங்கும்போது 200-க்கு நீட்டிக் குழாயை மெல்ல அசைத்துப் பாருங்கள், தளர்வு இருக்கக் கூடாது. பின்புறத்திலிருந்து கைவிளக்கை அடித்து உள்ளே பூஞ்சை நூல் தெரிகிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் எந்த நாட்டில் செல்லும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே 28-200 வைத்திருப்பவர் மூன்று மி.மீ.க்காக இப்போதே மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.